ரதர்ஃபோர்டின் கடிதங்களை எந்தப் பதிப்பில் வாசிப்பது?

17ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துப் போதகர் சாமுவேல் ரதர்ஃபோர்டின் கடிதங்களை வாசிக்க விரும்புகிறவருக்கு இன்று குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன. ஆண்ட்ரூ போனர் பதிப்பித்த 365 கடிதங்களின் முழுத் தொகுதி அச்சில் மறுபதிப்பாகவும் இணையத்தில் பக்கப் படிமமாகவும் கிடைக்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ 70 கடிதங்களைத் தேர்ந்தெடுத்த சிறு பதிப்பு ஒன்று உண்டு. கடிதங்களிலிருந்து வாக்கியங்களை மட்டும் எடுத்துக் கோத்த கையடக்கத் தொகுப்பு இன்னொன்று. யாரோ பொறுமையாகத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கும் மின்னுரைகள் நான்காவது. விலையையும் தடிமனையும் மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வதே வழக்கம். எழுதியவர் எந்த நோக்கத்தோடு எழுதினாரோ அந்த நோக்கம் எந்த வடிவத்தில் மிச்சமிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த அளவுகோலை வைத்தால், ரதர்ஃபோர்ட் சார்ந்திருந்த, மூப்பர்களின் ஆளுகையில் இயங்கும் பிரஸ்பிட்டேரியன் சபை மரபின் பக்தி நூல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வகைப் பதிப்பு பொருந்தாது என்பதும் தெரியவரும்.

ரதர்ஃபோர்ட் ஸ்காட்லாந்தின் தென்மேற்கே அன்வத் என்ற சிற்றூரில் 1627 முதல் போதகராக இருந்தவர். அரசர் திணித்த ஆராதனை முறைகளுக்கு இணங்க மறுத்ததாலும், மீட்பில் மனித விருப்பத்துக்கு இடம் தந்த ஆர்மினியஸ் என்பவரின் கொள்கைக்கு எதிராக அருளைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதியதாலும், 1636இல் அவரைப் பதவி நீக்கி வடகிழக்கே அபர்டீன் நகரில் தங்கும்படி கட்டளையிட்டார்கள். பிரசங்கிக்கக் கூடாது என்பதே தண்டனையின் சாரம். 1638இல் அரசியல் காற்று மாறித் திரும்பி வரும் வரையில், பிரசங்க மேடை மறுக்கப்பட்ட அந்த மனிதர் கடிதங்கள் எழுதினார். இன்று நம்மிடம் இருக்கும் கடிதங்களில் பெரும்பகுதி அந்தக் குறுகிய காலத்தில் எழுதப்பட்டவை. தாம் அடைக்கப்பட்டிருந்த ஊரைக் கிறிஸ்துவின் அரண்மனை என்று குறிப்பிட்டு அவர் எழுதியதை அபர்டீன் என்ற ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும் சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சொல்லின் துணிச்சல் விளங்கும். ஊரும் ஆண்டும் இல்லாமல் படித்தால் அது வெறும் இனிமையான அலங்காரமாகிவிடுகிறது.

இந்தக் கடிதங்களை அவர் வெளியிடுவதற்காக எழுதவில்லை. அவர் 1661இல் இறந்தபின், அவரிடம் மாணவராகவும் உதவியாளராகவும் இருந்த ராபர்ட் மக்வார்ட், நாடுகடத்தப்பட்டு ஹாலந்தில் இருந்த நிலையில் 284 கடிதங்களைத் திரட்டி 1664இல் அச்சிட்டார். பின்வந்த பதிப்புகளில் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. 1848இல் முதலில் பதிப்பித்த போனர் மேலும் திருத்திச் சேர்த்து வந்தார். 1891இல் வெளியான அவருடைய பதிப்பில் 365 ஆனது. இன்று முழுப் பதிப்பு என்று விற்கப்படுவதும், இணையத்தில் படிமமாகக் கிடைப்பதும், தட்டச்சு செய்யப்படுவதும் பெரும்பாலும் இந்த 1891ஆம் ஆண்டுப் பதிப்பின் வாரிசுகளே.

போனரைப் பற்றி ஒரு சொல். 1843இல் ஸ்காட்லாந்து சபை பிளவுபட்டபோது அரசின் தலையீட்டை ஏற்காமல் பிரிந்த சுதந்திர சபையின் பக்கம் சென்ற போதகர்களில் அவர் ஒருவர். சென்னையில் 1837இல் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அதே பக்கம் சென்றார். அந்தப் பள்ளியே பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆகவே போனரின் உலகம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பதிப்பாசிரியராக அவருடைய தனிச்சிறப்பு, கடிதங்களைக் காலவரிசையில் அடுக்கியதும், யாருக்கு எழுதப்பட்டதோ அவர்களைப் பற்றிச் சிறு வாழ்க்கைக் குறிப்புகளை எழுதிச் சேர்த்ததும் ஆகும்.

அந்தக் குறிப்புகளின் மதிப்பை உணர்த்த கென்மியூர் சீமாட்டிக்கு எழுதிய கடிதங்களே போதும். ஜேன் கேம்பெல் என்ற இயற்பெயர் கொண்ட அவர், ஆர்கைல் பிரபுவின் சகோதரி. கைக்குழந்தைகளை இழந்தார், 1634இல் கணவரை இழந்தார், பிறகு எஞ்சியிருந்த மகனையும் 1639இல் பறிகொடுத்தார். ரதர்ஃபோர்ட் அவருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எழுதினார். ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் அவர் சொல்லும் ஆறுதல் ஒன்றுபோல் இருப்பதில்லை; முதல் குழந்தை இறந்தபோது சொன்னதைக் கணவர் இறந்தபோது அப்படியே திரும்பச் சொல்லாமல், முன்பு சொன்னது அவருக்கு நினைவிருக்கும் என்ற நம்பிக்கையோடு அதன்மேல் கட்டுகிறார். இன்னொரு பக்கம், மேரியன் மக்நாட் என்ற பெண்மணிக்கு 1630இல் எழுதிய கடிதத்தில், ஓராண்டும் ஒரு மாதமும் வேதனைப்பட்ட தம் மனைவி இறந்ததையும், தாமே பதின்மூன்று வாரமாக முறைக்காய்ச்சலில் கிடந்து ஓய்வுநாளில் ஒரு முறை பிரசங்கிப்பதே பெரும்பாடாக இருப்பதையும் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறார். காலவரிசையில் படிக்கிறவர், இதன் பிறகு அவர் மற்றவர்களுக்கு எழுதிய ஆறுதலை வேறு காதோடு கேட்பார். துக்க வீட்டில் பேசுகிறவர் தாமும் துக்கம் கண்டவரா என்று நம் ஊரில் பார்ப்பதுண்டு. அதை அறிய வழி தருவது காலவரிசை மட்டுமே.

இவ்வளவு சொன்னபிறகும், முழுப் பதிப்பை முதல் புத்தகமாகப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. 700 பக்கங்களுக்கு மேல் நீளும் அந்தத் தொகுதியில் கூறியது கூறல் மிகுதி. அபர்டீனிலிருந்து ஒரே வாரத்தில் பலருக்கு எழுதியவர் ஒரே உவமையைப் பலருக்கும் பயன்படுத்தியதில் குற்றமில்லை. பெற்றவர்கள் தனித்தனி ஆட்கள். ஆனால் எல்லாவற்றையும் அடுத்தடுத்து வாசிக்கும் நமக்கு நூறாவது பக்கத்திலேயே அலுப்புத் தட்டும். மொழியும் கடினம்: அச்சாரம், ஒற்றி, சீதனம், கடன்பத்திரம், கப்பற்சரக்கு என்று அக்கால ஸ்காட்லாந்தின் சந்தையிலும் நீதிமன்றத்திலும் வழங்கிய சொற்களையே அவர் ஆன்மாவைப் பற்றிப் பேசவும் எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலத்தை நன்கு அறிந்த வாசகரும் அவற்றில் பலவற்றை அகராதியின்றிக் கடக்க முடியாது.

அதனால் தேர்ந்தெடுத்த சிறு பதிப்பே தொடங்குவதற்கு ஏற்றது. 1957இல் இயன் மரேயும் ஜாக் கல்லமும் தொடங்கிய பேனர் ஆஃப் ட்ரூத் அறக்கட்டளை, தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) என்ற பழைய ஆங்கிலேயச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் நூல்களைக் காகித அட்டை வரிசையாக வெளியிட்டபோது இந்தத் தேர்வையும் சேர்த்துக்கொண்டது. முழுத் தொகுதியின் மறுபதிப்பையும் அதுவே தனியாக வெளியிட்டது. எண்ணிக்கையைக் குறைத்தபோதும் ஒவ்வொரு கடிதமும் பெறுநரின் பெயரோடு கடிதமாகவே நிற்பதுதான் சிறு பதிப்பின் பலம். இழப்பும் உண்டு. மேரியன் மக்நாட்டின் கணவர் வில்லியம் ஃபுல்லர்டன், கிர்க்கூப்ரி நகரின் தலைவராக இருந்தவர். அவர் வழியாக ஊராட்சி, பாராளுமன்றம், போதகர் நியமனம் என்று பல காரியங்களில் ரதர்ஃபோர்ட் தலையிட்டார். பக்திக்காக வாசிக்கிறவருக்கு இவை தேவையில்லை என்று எந்தத் தேர்வாளரும் நினைக்கக் கூடும். ஆனால் அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனே என்று 1644இல் எழுதி, 1660இல் அந்த நூல் பொது இடத்தில் எரிக்கப்படக் கண்ட மனிதரும் இந்தக் கடிதங்களை எழுதியவரும் ஒருவரே. மனச்சாட்சியின் சுதந்திரம் என்ற பெயரில் பிற மதக் கருத்துகளைச் சகிக்கக் கூடாது என்று 1649இல் ஒரு பெரிய நூல் எழுதியவரும் அவரே. சிறு பதிப்பை மட்டும் வாசிக்கிறவர் மென்மையான ஞானி ஒருவரைச் சந்திப்பார். அந்தச் சந்திப்பு பொய்யன்று, அரைகுறையானது.

வாக்கியத் தொகுப்புகளைப் பற்றி எனக்கு இவ்வளவு பொறுமை இல்லை. 1909இல் எல்லன் லிஸ்டர் தொகுத்த கையடக்க நூல் இவற்றில் புகழ்பெற்றது; இன்றும் அழகான அட்டையில் அச்சாகி, திடப்படுத்தல் நாளிலும் திருமணத்திலும் பரிசாகக் கொடுக்கப்படுகிறது. பரிசுக்கு அது மிகப் பொருத்தம். ரதர்ஃபோர்டிடம் தனியே நிற்கக்கூடிய வாக்கியங்களுக்குப் பஞ்சமில்லை என்பதும் உண்மை. இருந்தாலும், பிள்ளையை அடக்கம் செய்த தாய்க்கு எழுதப்பட்ட வரி, யாருக்கு என்ற குறிப்பின்றிச் சுவர்க் காலண்டரில் வரும்போது, துன்பத்தைப் பற்றிய பொதுவான கருத்தாகத் தேய்கிறது. அதைத் துன்பமில்லாதவர் ரசிப்பார். துன்பத்தில் இருப்பவர், இவருக்கு என்ன தெரியும் என்று தள்ளிவிடவும் கூடும். அந்த வரிக்கு அதிகாரம் கொடுத்தது அதன் மேலிருந்த பெயரும் கீழிருந்த தேதியும்தான்.

சுருக்கத்தின் எல்லைக்கே சென்று வெற்றி பெற்ற ஒன்று இருக்கிறது. ஆன் ராஸ் கசின் என்ற பெண்மணி, கடிதங்களிலும் மரணப்படுக்கை மொழிகளிலும் இருந்த சொற்களை எடுத்து 19 பாக்களில் 1857இல் வெளியிட்ட கவிதை, இன்று நான்கைந்து பாக்களாகக் குறைந்து பல பாட்டுப் புத்தகங்களில் இடம்பெற்றிருக்கிறது. அது ஏன் வெற்றி பெற்றது என்றால், கசின் துண்டுகளை அடுக்காமல் சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு மனிதரைப் பேசவைத்தார்; அன்வத்தின் பெயரைக்கூட விடவில்லை. பாட்டுப் புத்தகங்கள்தான் பிறகு அன்வத்தை வெட்டின.

மொழியை நவீனப்படுத்திய பதிப்புகளும் அவ்வப்போது வருகின்றன. எழுத்துக்கூட்டலைத் திருத்துவதிலும் அருஞ்சொற்களுக்கு அடிக்குறிப்பு கொடுப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரதர்ஃபோர்டின் உவமைகளை மென்மைப்படுத்தும் ஆசை நவீனப்படுத்துகிறவர்களுக்கு எளிதில் வந்துவிடுகிறது. வேதாகமத்திலுள்ள உன்னதப்பாட்டு என்ற காதல் பாடலின் மணவாளன், மணவாட்டி மொழியை அவர் கூச்சமின்றிக் கையாண்டார். 1692இல் லண்டனில் வெளியான ஒரு கேலி நூல் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் போதகர்களின் பேச்சை நையாண்டி செய்ய இந்தக் கடிதங்களிலிருந்தே எடுத்துக்காட்டுகள் கொடுத்தது. எதிரிகள் சிரித்த இடத்தையும் ஆதரவாளர்கள் அழுத இடத்தையும் வைத்தே அந்த மொழியின் வீரியத்தை அளக்க முடியும். பக்திச் சுவையில் நாயகன், நாயகி பாவத்தைப் பழகிய தமிழ் வாசகருக்கு இது அதிர்ச்சி தராது என்பதால், நமக்காக இதை யாரும் மட்டுப்படுத்த வேண்டியதில்லை.

பணம் செலவழிக்க விரும்பாதவர் பக்கப் படிமத்தையும் தட்டச்சு மின்னுரையையும் ஒப்பிட வேண்டியிருக்கும். படிமம் நம்பகமானது, போனரின் குறிப்புகள், பொருளடக்கம் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். கைப்பேசியில் வாசிப்பதுதான் வேதனை. தட்டச்சு உரை வாசிக்க எளிது, தேட எளிது. ஆனால் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, எதை விட்டது என்று சொல்லாத உரைகளே மிகுதி. கணினி தானாக எழுத்துகளை அடையாளம் கண்டு தயாரித்த உரையில் இன்னும் ஆபத்து அதிகம். 17ஆம் நூற்றாண்டு அச்சில் இருந்த நீண்ட எஸ் எழுத்தை எஃப் என்று படித்துத் தள்ளிவிடும். இலவசப் படிமத்தையே அச்சடித்துப் புத்தகமாக்கி விற்கும் தேவைக்கேற்ற அச்சு நிறுவனங்களிடம் வாங்கும்போது, உள்பக்கங்களின் மாதிரியைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. பக்கம் விட்டுப்போனதும், ஓரம் வெட்டுப்பட்டதும், இரு தொகுதிகளில் ஒன்று மட்டுமே இருப்பதும் சாதாரணம்.

இதுவரை சொன்னதை ரதர்ஃபோர்டுக்கு மட்டுமே சொன்னேன். அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் பக்தி எழுத்தாளர் ஜே. ஆர். மில்லருக்கு இதே அளவுகோல் நேரெதிரான விடையைத் தருகிறது. பென்சில்வேனியாவில் 1840இல் பிறந்து 1912இல் இறந்த இவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்கு ஊழியம் செய்த கிறிஸ்தவ ஆணையத்தில் பணியாற்றியவர். பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் போதகராக இருந்துகொண்டே பிரஸ்பிட்டேரியன் வெளியீட்டு வாரியத்தின் பத்திரிகைகளையும் ஓய்வுநாள் பள்ளிப் பாடங்களையும் கவனித்தவர். பத்திரிகைக்காரரின் கை அவருடையது. வாரநாள்களின் பக்தியைப் பற்றி 1880இல் வெளியான அவருடைய நூலில் தொடங்கி, ஒவ்வோர் அத்தியாயமும் தனித்து நிற்கும். அரைமணி நேரத்தில் முடியும். பெயர் தெரியாத பல்லாயிரம் வாசகர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. நாளுக்கு ஒரு பகுதி என்று அவருடைய எழுத்தைப் பிரித்து அடுக்கிய தியானப் புத்தகங்கள் அவர் வாழ்ந்த நாளிலேயே வந்தன. எனவே தட்டச்சு மின்னுரையோ, மின்னஞ்சலில் நாள்தோறும் வரும் பத்தியோ மில்லருக்கு அநீதி செய்வதில்லை. அவருடைய பழைய முதற்பதிப்புகளைத் தேடி அலைவது சேகரிப்பவரின் இன்பம். வாசகருக்கு அதில் கூடுதல் பயன் சிறிதளவே.

ஒரே ஒரு நிபந்தனை: ஆண்டு தெரிய வேண்டும். பொறுமை, நன்றி, கோபத்தை அடக்குதல், நட்பு ஆகியவற்றைப் பற்றி மில்லர் எழுதியவை இன்றும் நேராக வந்து சேர்கின்றன. ஆனால் இல்லறம் பற்றி 1882இல் எழுதியபோது மனைவிக்கும் கணவனுக்கும் அவர் பிரித்துக் கொடுத்த கடமைகள், அக்கால அமெரிக்க நடுத்தர வீட்டின் அமைப்பைப் பெரிதும் சார்ந்தவை. ஆண்டைச் சொல்லாமல் பதியப்பட்ட உரையில் வேத போதனை எது, அந்த வீட்டுப் பழக்கம் எது என்று பிரித்தறிவது புதிய வாசகருக்குக் கடினம்.

பிரஸ்பிட்டேரியன் விசுவாசத்தைக் கேள்வியும் பதிலுமாகக் கற்பிக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை மூன்றாவது வகை. ரதர்ஃபோர்டும் ஸ்காட்லாந்தின் பிரதிநிதிகளில் ஒருவராகச் சென்றிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் பேரவை 1647இல் முடித்த இந்த 107 கேள்விகளில், சுமார் 40 கேள்விகள் பத்துக் கட்டளைகளுக்கே சென்றுவிடுகின்றன. கட்டளை ஒவ்வொன்றும் எதைக் கேட்கிறது, எதை விலக்குகிறது என்று இரு பக்கமாகப் பிரித்து விடை சொல்லும் அந்த முறை, பிரஸ்பிட்டேரியன் ஒழுக்க எழுத்துகள் பலவற்றுக்கும் அச்சாக அமைந்தது. இது மனப்பாடத்துக்காக எழுதப்பட்டது. ஆகவே பிள்ளைகளுக்குக் கற்பிக்க நவீன நடைப் பதிப்பை வாங்குவதா, பழைய நடையையா என்பதில், ஒரு குடும்பமோ சபையோ முழுவதும் ஒரே பாடத்தைச் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தாத்தா ஒரு விடையும் பேத்தி வேறு விடையும் சொன்னால் வினாவிடையின் பாதிப் பயன் போய்விடும். பழைய பாடத்தைத் தேர்ந்தால் வேத ஆதாரங்கள் இணைத்த பதிப்பை எடுப்பது அவசியம். ஆதாரமில்லாத விடை வெறும் சூத்திரமாகும். விளக்கம் வேண்டுகிறவருக்கு, 1662இல் தம் லண்டன் சபையிலிருந்து வெளியேற்றப்பட்ட தாமஸ் வாட்சன் செய்த பிரசங்கங்கள் உண்டு. அவர் இறந்தபின் 1692இல் ஒரே பெருநூலாக வந்தவை, இப்போது மூன்று தனித் தொகுதிகளாகக் கிடைக்கின்றன. பத்துக் கட்டளைகள் பற்றிய தொகுதியை மட்டும் வாங்குவதில் தவறே இல்லை, ஏனெனில் வாட்சனின் பிரிவுகளே அங்கு தெளிவாகப் பிரிந்திருக்கின்றன.

ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்ஷேன் 1842இல் தம் டண்டீ சபைக்குத் தயாரித்த வேதவாசிப்பு அட்டவணைக்கு எந்த வடிவமும் பொருந்தும். கைப்பேசிச் செயலியில் இருந்தாலும் அது தன் வேலையைச் செய்கிறது. அவருடைய வாழ்க்கையையும் எழுத்துகளையும் போனர் 1844இல் தொகுத்த நூல் வேறு காரியம். அதை மட்டும் சுருக்கப் பதிப்பில் வாசிக்க வேண்டாம், கடிதங்களும் நாட்குறிப்பும் சுருக்கத்தில் முதலில் பலியாகின்றன.

இனி முடிவு. தனிவாசகர், ஆங்கிலத்தில் ஓரளவு பழக்கமுள்ளவர், ரதர்ஃபோர்டைப் புதிதாக எடுக்கிறவர் என்றால், தேர்ந்தெடுத்த சிறு பதிப்பை விலைகொடுத்து வாங்கி, போனரின் முழுப் பதிப்பின் படிமத்தை இலவசமாகத் தரவிறக்கி அருகில் வைத்துக்கொள்வதே சிக்கனமும் நிறைவுமான ஏற்பாடு. ஒரு கடிதம் மனத்தில் தைத்தால், அதே நபருக்கு எழுதிய முந்தின, பிந்தின கடிதங்களை முழுப் பதிப்பில் தேடிப் பார்க்கலாம். கென்மியூர் சீமாட்டியில் தொடங்குவது நல்லது. சபை நூலகத்துக்கு என்றால் கணக்கு மாறும். அங்கே முழுப் பதிப்பின் தைத்துக் கட்டிய பிரதி ஒன்றும், சிறு பதிப்பின் பிரதிகள் இரண்டு மூன்றும், வாட்சனின் பத்துக் கட்டளைத் தொகுதியும் வாங்கலாம். மில்லரை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில், பழைய பாடத்தை வேத ஆதாரங்களோடு அச்சிட்ட வினாவிடைப் பிரதிகளை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாங்கிக் கொடுக்கலாம்.